வெர்ட, விர்ட், வுர்ட: ஒரு ஜெர்மானிய வினையின் மூல உருவத்தை நீங்களே கட்டிப் பார்க்க

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நர்சிங் முடித்த பெண்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். மொழித் தேர்வு பாஸ் செய்தால்தான் ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை என்பதால் எல்லாருக்கும் அவசரம். அந்த அவசரத்திலும் ‘வெர்டன்’ என்ற வினை வந்ததும் வகுப்பு நின்றுவிடும். ‘ஆகு’ என்று பொருள். ‘இஹ் வெர்ட’, நான் ஆகிறேன். ‘எர் விர்ட்’, அவன் ஆகிறான். ‘எர் வுர்ட’, ஆனான். ‘கெவொர்டன்’ என்று இன்னொன்று, ‘ஆகிய’ என்பதுபோல. “இன்னா மிஸ் இது, எ, இ, உ, ஒ எல்லாமே வருது. இதுல எது ஒரிஜினல்?”

எதுவும் இல்லை. ஒரிஜினல் எழுதிவைக்கப்படாத ஒரு மொழியில் இருந்தது. மூல ஜெர்மானியம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கி.மு. 500-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் தெற்கு ஸ்காண்டிநேவியாவிலும் வடக்கு ஜெர்மனியிலும் பேசப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக் எல்லாம் அதன் வாரிசுகள். அதில் ஒரு வரி கூட நம் கைக்கு வரவில்லை. ஆனாலும் அந்த வினை அங்கே எப்படி இருந்தது, எப்படி வளைந்தது என்பதை ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு கட்டிவிடலாம். தேர்வுக்கு இது தேவையில்லை, சும்மா மனப்பாடம் பண்ணினால் போதும். கேள்வி கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுத்துக்கு ஒரு ஏற்பாடு

தமிழ் எழுத்திலேயே எல்லாவற்றையும் செய்யலாம். சின்ன ஏற்பாடு ஒன்று மட்டும் வேண்டும். என் அப்பா தங்கசாலைத் தெருவில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஸ்தோத்திரப் புத்தகங்களுக்கு அச்சுக் கோக்கும்போது த¹, த², த³, த⁴ என்று எழுத்தின் தோளில் குட்டி எண் வைப்பார்கள். வடமொழியின் நான்கு த-வையும் பிரித்துக் காட்ட அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. நமக்கு அதில் இரண்டு போதும்.

த¹ என்றால் ‘பத்து’ என்பதில் வரும் வலுத்த த. த³ என்றால் ‘பாதி’ என்பதில் வரும் மெலிந்த த. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், பாதியில் அதிரும், பத்தில் அதிராது. மூன்றாவதாக, ஆங்கிலேயர்கள் ‘தேங்க்ஸ்’ சொல்லும்போது பல்லிடுக்கில் காற்று மட்டும் உரசிப்போகிற ஒலி. தொண்டை அதிராது. ‘ஃபேன்’ எழுத ப-வுக்கு முன் ஆய்தம் போடுகிறோம் இல்லையா, அதே சலுகையை த-வுக்கும் கொடுத்து ஃத என்று எழுதப்போகிறேன். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் பின்னால் ஒன்றுமே புரியாது. வாய்விட்டுப் பழகிக்கொண்டு அப்புறம் கீழே படியுங்கள்.

இன்னொன்று நட்சத்திரக்குறி. எந்த வடிவம் எங்கேயும் எழுதப்படாமல் நாமாகக் கட்டியதோ அதன் முன்னால் * போட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஆகுஸ்ட் ஷ்லைகர் என்ற ஜெர்மானிய அறிஞர் பரவலாக்கிய வழக்கம் இது. இதைப் போட மறந்தால் நாம் ஊகித்ததும் ஏட்டில் கிடைத்ததும் ஒன்றாகிவிடும்.

உடன்பிறப்புகளைக் கூப்பிடுங்கள்

இன்றைய மொழிகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், ரொம்பத் தேய்ந்துவிட்டன. எழுத்தில் கிடைக்கும் பழைய கிளைகளிடம் போங்கள். முதலில் கோத்தியம். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் அதில் பைபிளை மொழிபெயர்த்தார். ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் 6-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று இன்றும் ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. அப்புறம் பழைய ஆங்கிலம், பழைய உயர் ஜெர்மன், ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதிவைத்த பழைய நார்ஸ்.

ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு ஒப்பிடுவதுதான் பலர் செய்கிற வேலை. அகராதியில் தலைச்சொல்லாக நிற்கிறதே, அதை மட்டும் எடுப்பார்கள். அது பிரயோஜனமில்லை. வினையின் வயது அதன் கோணல்களில் இருக்கிறது. ஒழுங்கான வடிவத்தை யார் வேண்டுமானாலும் நேற்றுக்கூட உண்டாக்கியிருக்கலாம். கோணலான வடிவத்தை யாரும் உட்கார்ந்து உண்டாக்க மாட்டார்கள், அது மேலேயிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆகவே நான்கு வடிவங்களை எடுங்கள்: ‘ஆக’, ‘அவன் ஆனான்’, ‘அவர்கள் ஆனார்கள்’, ‘ஆகிய’.

கோத்தியம்: வெர்ஃதன், வர்ஃத், வொர்ஃதுன், வொர்ஃதன்ஸ்
பழைய ஆங்கிலம்: வெஒர்ஃதன், வெஅர்ஃத், வுர்தொ³ன், வொர்தெ³ன்
பழைய நார்ஸ்: வெர்த³, வர்த்³, உர்து³, ஒர்தி³ன்
பழைய உயர் ஜெர்மன்: வெர்த³ன், வர்த்³, வுர்து¹ன், வொர்த¹ன்

இதை நோட்டில் அகலமாக, நான்கு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள். இனி செய்வதெல்லாம் இந்தப் பதினாறு சொற்களை முறைத்துப் பார்ப்பதுதான்.

ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள்

பார்த்ததும் வரும் ஆசை, எந்த எழுத்து அதிகமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. அது வேலைக்கு ஆகாது. வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உதாரணம் நம் பேட்டைப் பேச்சுதான். நாம் ‘வூட்ல கீறான்’ என்கிறோம். மற்ற ஊர்க்காரர்கள் பலர் ‘வீட்ல இருக்கான்’ என்கிறார்கள். எழுத்துத் தமிழே அழிந்துபோய் இந்த இரண்டு மட்டும் மிஞ்சியது என்று வையுங்கள். எது பழசு? இரண்டுமே பாதிப் பாதி. ‘இருக்கான்’ முன்பகுதியைக் காப்பாற்றி றகரத்தைத் தொலைத்தது. ‘கீறான்’ முன்பகுதியைத் தொலைத்து றகரத்தைக் காப்பாற்றியது. இரண்டையும் வைத்துத்தான் ‘இருக்கிறான்’ கிடைக்கும். பெரும்பான்மை ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் றகரம் போயே போயிருக்கும். சென்னைத் தமிழைக் கொச்சை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதே புத்தியோடு பட்டியலின் முதல் எழுத்தைப் பாருங்கள். நார்ஸில் ‘உர்து³, ஒர்தி³ன்’ என்று வகரம் இல்லாமல் நிற்கிறது. மற்ற மூன்றிலும் இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்பதால் வகரம் ஜெயிக்கவில்லை. நார்ஸ் எப்போது வகரத்தை விடுகிறது என்பதற்குக் காரணம் காட்ட முடிகிறது, அதனால் ஜெயிக்கிறது. பின்னால் உ, ஒ வந்தால் நார்ஸ் வகரத்தை விழுங்கிவிடும். ஆங்கிலத்தின் ‘வுல்ஃப்’ அங்கே ‘ஊல்ஃப்ர்’, ஆங்கிலத்தின் ‘வேர்ட்’ அங்கே ‘ஒர்த்³’. எ, அ வந்தால் விடாது, அதனால் ‘வெர்த³, வர்த்³’ என்பதில் தங்கிவிட்டது. ஆக மூலத்தில் வகரம் நான்கிலும் உண்டு.

ஒலி மாற்றத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை எப்போதும் இருக்கும். பெட்டி பொட்டியாகிறது, பிடி புடியாகிறது, வீடு வூடாகிறது. ஆனால் ‘பெரிய’ என்பது ‘பொரிய’ ஆவதில்லை. முன்னால் உதடு குவியும் எழுத்தும் பின்னால் நாக்கு மடியும் எழுத்தும் இருந்தால்தான் அந்த மாற்றம். யாரும் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் தவறாமல் செய்கிறோம். அவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

உயிரெழுத்துகள்

முதல் பத்தியில் எல்லாரும் எ. பழைய ஆங்கிலத்தின் ‘வெஒர்’ பயமுறுத்தும், ஆனால் ர்-க்குப் பின் இன்னொரு மெய் வந்தால் எ-யை இரண்டாக உடைப்பது அந்த மொழியின் பழக்கம். அதைக் கழித்துவிடலாம். இரண்டாம் பத்தியில் அ, அங்கேயும் ஆங்கிலம் உடைத்திருக்கிறது. மூன்றாவதில் உ. கோத்தியம் அங்கே ஒ காட்டுகிறது, ஆனால் ர்-க்கு முன் உகரத்தை ஒகரமாக்குவது அதன் குணம் என்பது மற்றச் சொற்களிலிருந்து தெரியும். நான்காவதில் கோத்தியத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும் ஒகரமாக இருக்கிறது. அங்கே பின்னசையில் அகரம் இருந்தது. அதன் இழுப்பில் உகரம் கீழிறங்கி ஒகரமானது. மூன்றாவதில் பின்னால் இன்னொரு உகரம் இருந்ததால் இறங்கவில்லை. ஆக மூலத்தில் வரிசை எ, அ, உ, உ.

இது இந்த வினைக்கு மட்டும் சொந்தமில்லை. ஆங்கிலத்தின் ‘சிங், சாங், சங்’ இதே வரிசையின் தேய்ந்த வடிவம். பழைய ஆங்கிலத்தில் அதற்கும் நான்கு உண்டு, இன்று மூன்றாகச் சுருங்கிவிட்டது. இந்த மாதிரி வினைகளுக்கு வல்வினை என்று பெயர் சொல்கிறார்கள். விகுதியில் காலம் காட்டாமல் உள்ளே உயிரை மாற்றிக் காலம் காட்டும். நமக்கு இது அந்நியமில்லை. படு–பாடு, சுடு–சூடு, கெடு–கேடு என்று முதனிலை திரிந்த தொழிற்பெயர் பள்ளியில் படித்தோமே, வெளியே எதுவும் ஒட்டாமல் உள்ளே உயிர் மாறுகிற அதே வகைக் காரியம். வித்தியாசம், நாம் குறிலை நெடிலாக்குகிறோம். அவர்கள் ஓர் இடத்தில் எ வைத்து, இன்னோர் இடத்தில் ஒ வைத்து, மூன்றாவது இடத்தில் உயிரையே எடுத்துவிட்டார்கள். பழைய ஒகரம் ஜெர்மானியத்தில் அகரமாகிவிட்டது, அதுதான் இரண்டாம் பத்தி. உயிரை எடுத்த இடத்தில் வெறும் ‘வ்ர்த்’ என்று மெய்கள் மட்டும் நின்றன. ஜெர்மானியமும் சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் இன்னும் பழைய ஒரே மொழியிலிருந்து பிரிந்த சொந்தங்கள். அதில் சமஸ்கிருதம் அப்படியே ‘வ்ருத்’ என்று ர்-யைத் தாங்கிப்பிடித்தது. தமிழ் அதை வாங்கியபோது ‘விருத்தம்’ என்று பிரித்துச் சொன்னது. ஜெர்மானியர் ர்-க்கு முன்னால் ஓர் உகரத்தைச் செருகி ‘வுர்’ ஆக்கினார்கள்.

த-வில்தான் விஷயம் இருக்கிறது

இப்போது நான்கு வரியிலும் த-வை மட்டும் பாருங்கள். நிதானமாகப் பாருங்கள், இந்த இடத்துக்காகத்தான் இந்த வினையைத் தேர்ந்தெடுத்தேன்.

கோத்தியத்தில் நான்கிலும் ஃத. நார்ஸில் நான்கிலும் த³. பழைய ஆங்கிலத்தில் முதல் இரண்டில் ஃத, கடைசி இரண்டில் த³. பழைய உயர் ஜெர்மனில் முதல் இரண்டில் த³, கடைசி இரண்டில் த¹.

ஆங்கிலமும் ஜெர்மனும் வேறு வேறு எழுத்து காட்டுகின்றன, ஆனால் பிளவு ஒரே இடத்தில் விழுகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். எழுத்து வித்தியாசத்துக்குக் காரணம் சுலபம். உயர் ஜெர்மன் பின்னாளில் ஒவ்வொன்றையும் ஒரு படி நகர்த்தியது, ஃத இருந்த இடத்தில் த³, த³ இருந்த இடத்தில் த¹. நகர்த்தலைத் திருப்பிவிட்டால் ஆங்கிலத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. தனித்தனியாக வளர்ந்த இரண்டு மொழிகள் இப்படி ஒரே இடத்தில் தற்செயலாகப் பிளக்காது. நார்ஸில் சொல்லின் நடுவே ஃத-வும் த³-வும் கலந்துவிட்டன, அதனால் அதன் சாட்சி இந்த வினையில் செல்லாது. கோத்தியம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல்மொழி கோத்தியம்தான், ஆனால் இந்த இடத்தில் அதை நம்பினால் கெட்டோம். வயதில் மூத்தது என்பதால் எல்லாவற்றிலும் பழமையைக் காப்பாற்றியிருக்கும் என்று இல்லை.

ஆக மூலத்தில் முதல் இரண்டுக்கு ஃத, கடைசி இரண்டுக்கு த³. சரி, ஏன்?

பாதிப் பதில் யாக்கோப் கிரிம் 1822-இல் தெளிவாக வகுத்துக் காட்டியது. டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் அவருக்குச் சற்று முன்பே, 1818-இல், இந்த ஒப்புமைகளைப் பார்த்துவிட்டார். சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கத்தில் த¹ இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ஃத, த³ இருக்கும் இடத்தில் வல்லின ட மாதிரியான ஒலி, ப இருக்கும் இடத்தில் ஃப. யானைத் தந்தம் என்கிறோமே, அந்தத் த³ந்த¹ என்ற வடசொல்லும் ஆங்கிலத்தின் ‘டூத்’-தும் ஒரே வேர். முதல் மெய்யும் கடைசி மெய்யும் விதிப்படியே மாறியிருப்பதை அந்த ஒரு சொல்லிலேயே பார்க்கலாம். இந்த இடத்தில் ஒரு சொந்த ஊர்ப் பெருமை. கிரிமுக்கு ஆறு வருஷம் முன்னால், 1816-இல், இதே சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவை தனிக் குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று அச்சில் காட்டிவிட்டார்.

கிரிம் விதிப்படி நம் வினையில் நான்கிலுமே ஃத வர வேண்டும். கடைசி இரண்டில் ஏன் த³? ஐம்பது வருஷத்துக்கு மேல் இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1870-களில் கார்ல் வெர்னர் என்ற டேனிஷ்காரர் வேத சமஸ்கிருதத்தின் ஸ்வரத்தைப் பார்த்தார். எந்த அசையை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று அதில் குறித்திருக்கும். நம் வினையின் சொந்தக்காரர் அங்கே ‘வர்த¹தே¹’, திரும்புகிறது என்று பொருள். அதில் உயர்த்தல் முதல் அசையில், அதாவது நம் த-வுக்கு ஒட்டி முன்னால். ‘வவர்த¹’, திரும்பினான். உயர்த்தல் நடுவில் ‘வர்’ மேல், இதுவும் த-வுக்கு ஒட்டி முன்னால். ‘வவ்ருதி¹ம’, நாம் திரும்பினோம். உயர்த்தல் கடைசி ‘ம’ மேல். ‘வ்ருத்த¹’, திரும்பிய. அதிலும் கடைசியில்.

மறுபடி நம் பட்டியலைப் பாருங்கள். உயர்த்தல் ஒட்டி முன்னால் இருந்த இரண்டிலும் ஃத அப்படியே நின்றது. மற்ற இரண்டிலும் மெலிந்து த³ ஆனது. அவ்வளவுதான் வெர்னர் விதி: அதிர்வுள்ள ஒலிகளுக்கு நடுவே சிக்கிய உரசொலி மெலியும், முன்னசை உயர்த்தப்பட்டிருந்தால் மட்டும் தப்பிக்கும். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைத் த மெலிவதும் கிட்டத்தட்ட இதே வகை, நமக்கு உயர்த்தல் கணக்கு மட்டும் இல்லை. அதற்கப்புறம் ஜெர்மானியர் உயர்த்தலை எல்லாச் சொல்லிலும் முதல் அசைக்கு நகர்த்திவிட்டார்கள். காரணம் அழிந்தது, விளைவு மட்டும் மிஞ்சியது. அதனால்தான் யாருக்கும் புரியாமல் இருந்தது.

இதே விதியின் மிச்சம் ஆங்கிலம் தெரிந்த எல்லார் வாயிலும் தினமும் வருகிறது. ‘வாஸ்’ ஒருமை, ‘வேர்’ பன்மை. அந்த ஸ் மெலிந்து, பின் ர் ஆனது. ஒருமையில் தப்பித்தது, பன்மையில் மாட்டியது, நம் வினையில் நடந்த மாதிரியே. என் மாணவிகள் ஜெர்மனில் ‘ஷ்னைடன், கெஷ்னிட்டன்’ என்று ட ஒற்றையாகவும் இரட்டையாகவும் ஏன் மாறுகிறது என்று கேட்பார்கள். அதுவும் இதுதான். வெர்டனில் மட்டும் இன்றைய ஜெர்மன் எல்லாவற்றையும் ஒரே ட ஆக்கிச் சமன்செய்துவிட்டது. இன்றைய மொழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே.

இப்போது முழு வினை

தலைச்சொல் *வெர்ஃதனம். கடைசி ம்-யை அழுத்திச் சொல்லாதீர்கள், பேச்சில் ‘மரம்’ என்று சொல்லும்போது மூக்கில் முடிகிறதே, அப்படி. இந்த ‘அனம்’ உண்மையில் பெயர் விகுதி, நம் தொழிற்பெயர் மாதிரி. கோத்தியமும் ஜெர்மனும் அதை ‘அன், என்’ என்று தேய்த்துவிட்டன. கீழே ஃஜ் என்று எழுதுவது ‘ஃஜீப்ரா’ என்பதில் வரும் அதிரும் ஸ்.

நிகழ்காலம்: நான் *வெர்ஃதோ, நீ *விர்ஃதிஃஜி, அவன் *விர்ஃதிதி³, நாம் *வெர்ஃதமஃஜ், நீங்கள் *விர்ஃதித்³, அவர்கள் *வெர்ஃதந்தி³.

எ சில இடத்தில் இ ஆகியிருக்கிறதா? பின்னசையில் இ இருந்தால் முன்னால் உள்ள எ மேலேறும். ‘எர் விர்ட்’ என்று இன்று சொல்கிறார்களே, அந்த இகரம் இதுதான். ஏற்றிவிட்ட விகுதி எப்போதோ உதிர்ந்துவிட்டது, ஏறினது இறங்கவில்லை. ‘இ எங்கிருந்து வந்தது மிஸ்’ என்பதற்கு இதுதான் பதில்.

இறந்தகாலம்: நான் *வர்ஃத், நீ *வர்ஸ்த்¹, அவன் *வர்ஃத், நாம் *வுர்து³ம், நீங்கள் *வுர்து³த்³, அவர்கள் *வுர்து³ன்.

‘நான்’-உம் ‘அவன்’-உம் ஒரே வடிவம். மூலத்துக்கும் முந்தைய மொழியில் ஒன்றுக்கு அ, இன்னொன்றுக்கு எ என்று விகுதி இருந்தது. இரண்டும் விழுந்ததும் பேதம் போய்விட்டது. இன்றும் ஜெர்மனில் ‘இஹ் வுர்ட, எர் வுர்ட’ என்று இரண்டுக்கும் ஒன்றுதான். ஒருமையில் ‘வர்’, பன்மையில் ‘வுர்’ என்ற வேறுபாடு ரொம்ப நாள் பிழைத்திருந்தது. பழைய பைபிள் நடை ஜெர்மனில் ‘எஸ் வர்ட்’ என்று பார்க்கலாம். அப்புறம் பன்மையின் உகரம் ஒருமையையும் பிடித்துக்கொண்டது.

இருவருக்கென்று தனி வடிவங்களும் உண்டு, ‘நாம் இருவர்’, ‘நீங்கள் இருவர்’. கோத்தியம் மட்டும் காப்பாற்றியது, ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். ஏவல் ஒருமை *வெர்ஃத், வெறும் பகுதி. வா, போ, செய் என்று நாம் பகுதியையே ஏவலாக வைத்திருப்பது போல. இறந்தகால எச்சம் *வுர்த³னஃஜ்.

விருப்பத்தையும் ‘ஆகியிருந்தால்’ என்பதையும் சொல்லத் தனி வடிவம் உண்டு. நிகழ்காலத்துக்கு *வெர்ஃதை, இறந்தகாலத்துக்கு *வுர்தீ³ என்று ஆரம்பிக்கும். இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். பின்னால் ஈ வந்ததால் முன்னால் உள்ள உகரம் உதட்டைக் குவித்தபடியே முன்னுக்கு நகர்ந்தது. ஜெர்மனியில் நோயாளியிடமும் டாக்டரிடமும் மரியாதையாகப் பேச ‘வ்யுர்ட’ போடச் சொல்லி நான் கத்துகிறேனே, அந்த வடிவம் இங்கிருந்து வந்தது.

இதற்கும் மேலே

மூலத்தையும் தாண்டிப் போனால் *வெர்த்¹ என்ற வேர். திரும்பு, சுழல் என்று பொருள். சமஸ்கிருத ‘வர்த¹தே¹’ இதுதான். லத்தீனில் திருப்புவதற்கு ‘வெர்த்தெரெ’. திரும்புவது எப்படி ஆவதானது? பால் திரிந்துபோச்சு என்கிறோமே, திரிதல் முறுக்கலும்தான், மாறலும்தான். லிதுவேனிய மொழியிலும் இதே வேரிலிருந்து வந்த ‘விர்ஸ்தி’ கவிழ்வதையும் வேறொன்றாக ஆவதையும் குறிக்கிறது. ஆங்கிலம் இந்த வினையை இழந்துவிட்டது, ஆனால் விதி என்று பொருள்பட்ட ‘வியர்ட்’ என்ற சொல்லில் அதன் மெலிந்த த இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேங்கில் பணப் பரிவர்த்தனை, கச்சேரியில் தனி ஆவர்த்தனம், தோஷ நிவர்த்தி, கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர், எல்லாவற்றிலும் இந்த வேர் இருக்கிறது. ஆனால் இவை சாட்சி சொல்லத் தகுதியில்லாதவை. முதல் மூன்றும் சமஸ்கிருதத்திலிருந்து தமிழ் கடன் வாங்கியது, கடைசியானது லத்தீனிலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கியது. கடன் சொல் யாருடைய பரம்பரையையும் நிரூபிக்காது. இன்வெர்ட்டரில் த¹ ஃத ஆகாமல் வலுத்தே நிற்பதைப் பார்த்தாலே அது ஜெர்மானிய வீட்டுப் பிள்ளை இல்லை என்று தெரிந்துவிடும். இன்னொரு பள்ளம் தமிழ் எழுத்தால் வருவது. ‘வர்த்தமானம்’ நம் வேர். ‘வர்த்தமானர்’ என்று மகாவீரரைச் சொல்வது வேறு வேர், வளர்வது என்று பொருள், த⁴. எண் போடாமல் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கையை நனைத்துப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன், ‘கண்டுபிடி’ என்ற வினை. கோத்தியம்: ஃபிந்ஃதன், ஃபந்ஃத், ஃபுந்ஃதுன், ஃபுந்ஃதன்ஸ். பழைய ஆங்கிலம்: ஃபிந்த³ன், ஃபந்த்³, ஃபுந்தொ³ன், ஃபுந்தெ³ன். பழைய உயர் ஜெர்மன்: ஃபிந்த³ன், ஃபந்த்³, ஃபுந்து¹ன், ஃபுந்த¹ன். பழைய நார்ஸ்: ஃபின்ன, ஃபன்ன், ஃபுந்து³, ஃபுந்தி³ன். கோத்தியம் ஒரு பக்கமும் ஆங்கிலம் எதிர்ப்பக்கமும் சமன்செய்துவிட்டன, இரண்டையும் தள்ளிவையுங்கள். வெர்டனில் வாயைத் திறக்காத நார்ஸ் இங்கே பேசும். ன்ன எங்கே வருகிறது, ந்த³ எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.